கனவில் அந்த வீட்டைக் கட்டுவது யார்?

கனவுக்குப் பலன் சொல்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறை வந்துபோகும் கனவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதல் யாமத்தில் கண்டது பலிக்க ஒரு வருஷம் பிடிக்கும், விடியற்காலையில் கண்டது கையோடு பலிக்கும் என்பார்கள். கல்யாணம் கண்டால் சாவுச் செய்தி, சாவைக் கண்டால் கல்யாணச் செய்தி என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் பஞ்சாங்கத்தோடு சேர்த்து விற்கிற மெலிந்த புத்தகத்தில் பாம்புக்கும் யானைக்கும் பல் விழுவதற்கும் வரிசையாகப் பலன் போட்டிருக்கும். ஒரே வீடு முப்பது நாற்பது வருஷமாக வந்துகொண்டே இருந்தால் அது எந்த யாமத்துக் கணக்கு என்று அதில் இல்லை. பலிக்கிற கனவாக இருந்தால் எப்போதோ பலித்திருக்கும். பலிக்காத கனவாக இருந்தால் இந்நேரம் சலித்துப்போய் நின்றிருக்கும்.

இலக்கியமும் இந்த விஷயத்தில் கைகொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய காலம் முழுக்கக் கண்ணகியின் கனாவை நடத்தியிருக்கிறேன். தேவந்தியிடம் அவள் சொன்னது, கோவலன் மதுரைக்கு வெளியே மாடல மறையோனிடம் சொன்னது, கடைசியில் பாண்டிமாதேவி கண்டது. சிலப்பதிகாரத்தின் இந்த மூன்று கனாக்களும் ஒருமுறை வந்தன, கண்டபடி நடந்தன, முடிந்தன. ஆண்டாள் தோழியிடம் விவரிக்கிற கல்யாணக் கனவிலும் திரும்பத் திரும்ப வந்த சலிப்பு கிடையாது. திருக்குறளில் கனவுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே வருவது ஆள். நேரில் வராத ஆள் கனவிலாவது வருகிறானே என்ற ஆறுதல்.

எனக்கு வருவது வீடு. ஆள் வருவதில்லை.

விளக்கு வைக்கிற நேரம். தெருப்பக்கமாக இல்லாமல் தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறேன். கிணறு, துவைக்கிற கல், பலாமரம், அதன் அடியில் மெழுகிய திட்டு எல்லாம் இருந்தபடி இருக்கின்றன. புழக்கடைக் கதவு சாத்தியிருக்கும், தாழ் போட்டிருக்காது. அடுப்படிக்குள் நுழைந்தால் வடக்குச் சுவரில் ஒரு கதவு. நிஜ வீட்டில் அங்கே கதவே கிடையாது, சுவருக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டுச் சந்து. கனவில் அந்தக் கதவைத் திறந்தால் நீளமாக ஓர் அறை. ஓரத்தில் குதிர், பரணில் கவிழ்த்து வைத்த அண்டாக்கள், தரையெல்லாம் புழுதி. 'அடடே, இப்படி ஒரு அறை இருந்ததை மறந்தே போனோமே, இது இருக்கும்போதா எல்லாரும் கூடத்தில் ஒருத்தர் காலை ஒருத்தர் இடித்துக்கொண்டு படுத்தோம்' என்று நினைத்துக்கொள்கிறேன். துக்கமும் இல்லை, பயமும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குமாற்றைத் தேடுகிறேன். பெரும்பாலும் அது கையில் கிடைப்பதற்குள் விழிப்புத் தட்டிவிடும்.

சில இரவுகளில் கூட்டி முடித்துவிடுவதும் உண்டு. அன்று காலையில் இடுப்புப் பிடித்த மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் இதை நம்புவதில்லை.

ஒவ்வொரு முறையும் அந்த அறை எனக்குப் புதுசு. முந்தின கனவில் பார்த்த ஞாபகம் கனவுக்குள் இருப்பதில்லை. விழித்த பிறகுதான் 'மறுபடியும் அதே அறை' என்று தெரியும். கனவு திரும்பத் திரும்ப வருகிறது என்பது விழித்திருக்கிறவளின் கணக்கு. கனவில் இருக்கிறவளுக்கு அது எப்போதும் முதல் நாள்தான்.

அந்த வீடு இப்போது இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது. இடிந்த வீட்டுக்கு மனையாவது மிஞ்சும். விற்ற வீட்டைத் தெருவில் நின்று எட்டிப் பார்க்கலாம். எங்கள் ஊர் நெய்வேலிப் பக்கம். 1957இல் நேரு வந்து தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் 1961இல் கரியைத் தொட்டது. பிறகு இரண்டாம் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது, 1980களில், எங்கள் ஊரும் போனது. அது குகை மாதிரி உள்ளே போகிற சுரங்கம் இல்லை, வானம் பார்த்த பள்ளம். கரி கிடப்பது ஆழத்தில். அதன் மேலே தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத உயரத்துக்குச் செம்மண், மணற்பாறை, களி. ராட்சதச் சக்கரத்தில் வாளிகளைக் கோத்த இயந்திரம் அதைச் சீவிச் சீவி எடுக்கும். கன்வேயர் பெல்ட் அள்ளிக்கொண்டு போகும். ஸ்பிரெடர் என்கிற இன்னொரு இயந்திரம், ஏற்கெனவே கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் அதைக் கொட்டி நிரப்பும். கரிக்கும் கீழே ஊற்றுநீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. அது பொங்கி மேலே வராமலிருக்க இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் வீடு இருந்த இடம் சில காலம் வெறும் ஆகாயமாக இருந்தது. பிறகு எந்த ஊர் மண்ணோ வந்து அந்தப் பள்ளத்தை மூடியது. மூடிய இடங்களில் வரிசையாக மரம் நட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு மண் எந்தக் குழிக்குப் போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. இழப்பீடு, வேலை, வழக்கு என்று எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. நிற்க ஒரு பிடி மண்கூட இல்லாத வீடு ராத்திரி ராத்திரி எதன்மேல் நிற்கிறது?

எங்கள் ஊரில் யாரும் வீட்டை அப்படியே விட்டுவிட்டு வரவில்லை. பிரித்து எடுத்து வந்தார்கள். ஓட்டை இறக்கி வைக்கோல் வைத்து வண்டியில் அடுக்கினார்கள். கைமரம், உத்திரம், முகட்டு வளை, ஜன்னல், அம்மி, உரல் எல்லாம் வண்டி ஏறின. கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்துவிட்ட நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அப்பா வடலூர் சாமிக்கு அடியார். தைப்பூசத்துக்கு நடந்தே போய் ஞானசபையில் ஏழு திரையும் விலகுவதைப் பார்த்துவிட்டு வருவார். 'இராமலிங்க சாமி கருங்குழியில் அடுத்தவர் வீட்டில் இருந்தவர்தானே, நமக்கு மட்டும் சொந்த வீடு எதற்கு' என்று திண்ணையில் உட்கார்ந்து வியாக்கியானம் செய்கிறவர். அந்த அப்பாதான் தெருவாசல் நிலையின்மேல் கடப்பாறை படாமல் சுற்றுச் சுவரை மட்டும் பையப் பைய இடித்து, நிலையை முழுசாக எடுத்து, நாலு ஆள் வைத்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார். இன்றைக்கும் அது காலனியில் தம்பி வீட்டு வாசலில் மஞ்சளும் குங்குமமுமாக நிற்கிறது. கனவில் நான் தெருவாசல் வழியாக ஒருநாளும் நுழையாததற்கு அதுதான் காரணமோ என்று தோன்றியதுண்டு. நிலைதான் அங்கே இல்லையே.

ஊர் மாரியம்மனை அப்படிப் பிரித்து எடுக்க முடியாது. பூசாரி அவளைக் கரகத்தில் அழைத்து, பம்பையும் உடுக்கையும் முன்னே போக, புது இடத்தில் கொண்டுபோய் இறக்கினார். ஆகமக் கோயிலாக இருந்தால் சிவாச்சாரியார் வந்து மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துத் தண்ணீரில் இறக்கி எடுத்துப் போவார். தெய்வம் இடம் மாறுவதற்கு முறை இருக்கிறது. செத்த மனுஷனை அனுப்பிவைக்கப் பதினாறு நாள் சடங்கு இருக்கிறது. ஒரு வீட்டில் குடிபுகப் பால் காய்ச்சுகிறோம், ஹோமம் வளர்க்கிறோம், பசுவையும் கன்றையும் கூட்டிவந்து சுற்றிக் காட்டுகிறோம். குடிவிட்டுப் போவதற்கு மட்டும் எங்கள் பக்கத்தில் ஒரு சடங்கும் கிடையாது. கிளம்புகிற அன்று ஆயா அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். அதையும் சடங்கு என்று சொல்ல முடியாது. தீப்பிடிக்கக் கூடாதே என்று செய்தது.

திதி கொடுக்காமல் விட்ட தாத்தா கனவில் வந்து சோறு கேட்பார் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு யார் திதி கொடுத்தார்கள்?

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சொத்து என்று பார்த்தால் வீடு போனது தம்பிக்கு. நான் அதற்கு முன்பே புகுந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். ஆனால் கனவு வருவது எனக்கு. அம்மாவுக்கும் இப்படித்தான். சாகிற வரைக்கும் அவளுக்குக் கனவில் வந்தது திருத்துறையூர்ப் பக்கம் அவள் பிறந்த வீடு. அரை நூற்றாண்டு சமைத்து, பிள்ளை பெற்று, மாமியாரிடம் பேச்சு வாங்கிய எங்கள் வீடு ஒருமுறைகூட வந்ததில்லை என்பாள். கூட வேலை பார்த்த டீச்சர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பொறந்த வீடுதான். ஒருத்தி மட்டும் புகுந்த வீடு வருவதாகச் சொன்னாள். கனவிலும் அவளுக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலையாம். வயதுக்கு வந்த பெண்ணை ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் நடுகிற சமூகத்தில் எல்லா ஊரிலும் ஒரு சுரங்கம் இருக்கத்தான் செய்கிறது. தாரை வார்க்கும்போது பெண்ணைக் கொடுக்கிறார்கள். அவளுக்குள் இருக்கிற வீட்டை யாரும் வாங்கிக்கொள்வதும் இல்லை, இறக்கி வைப்பதும் இல்லை.

மனோதத்துவம் படித்த ஒரு சிநேகிதி எனக்கு யுங்கை அறிமுகப்படுத்தினாள். சுவிட்சர்லாந்து மருத்துவர் கார்ல் யுங், 1909இல் ஃபிராய்டோடு அமெரிக்காவுக்குப் போன சமயத்தில் கண்ட கனவு பிரசித்தம். மாடியில் அலங்காரமான கூடம், கீழ்த்தளம் அதைவிடப் பழசு, நிலவறையில் ரோமானியர் காலத்துச் சுவர், அதற்கும் கீழே குகை, குகையில் உடைந்த பானைகளும் இரண்டு மண்டையோடுகளும். மனித மனத்தின் அடுக்குகளே அந்த வீடு என்று அவர் எடுத்துக்கொண்டார். ஃபிராய்டுக்கு அந்த மண்டையோடுகள் யாருடையவை என்பதில்தான் அக்கறை. எனக்கு இதைவிட நெருக்கமானது யுங்கின் இன்னொரு கனவு. தன் வீட்டோடு ஒட்டி, தனக்கே தெரியாத ஒரு பகுதி இருப்பதாக அவருக்கு அடிக்கடி கனவு வந்தது. கடைசியில் ஒருநாள் உள்ளே போனால் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுப் பழம் புத்தகங்கள் நிறைந்த நூலகம். பின்னாளில் தான் ரசவாத நூல்களில் இறங்கப்போவதை அது முன்கூட்டிச் சொன்னதாக எழுதியிருக்கிறார். அவருக்குக் கிடைத்தது நூலகம், எனக்குக் கிடைத்தது குதிர். அவரவர் குடும்பம்.

யுங்கைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அந்த முறையில் ஒன்று நெருடுகிறது. வீடு என்றால் நீ, அறை என்றால் உனக்குள் நீ அறியாத ஒன்று, கிணறு என்றால் இன்னொன்று என்று எல்லாவற்றையும் என்மேலேயே திருப்பி எழுதிவிடுகிறார்கள். பலன் புத்தகம் வீட்டை நாளைய செய்தியாக்குகிறது, மனோதத்துவம் அதை நானாக்குகிறது. இரண்டிலும் வீடு வீடாக இருக்க இடமில்லை. ஆயா, சித்தப்பா குடும்பம், நாங்கள் என்று ஒரு கூட்டமே உண்டு உறங்கிய இடம் அது. அதை என் ஒருத்திக்குள் அடக்கிவிடுவது அவர்களுக்கு நியாயமாகுமா?

என் கேள்வியைத் திருப்பிப் போட்டவர் எங்கள் பள்ளியில் கணக்கு நடத்திய ஐயங்கார் சார். சாப்பாட்டு இடைவேளையில் உபநிஷத்தும் பாஷ்யமும் பேசுவார். கனவைச் சொன்னதும், "என்ன பலன்னு கேக்காதீங்கோ டீச்சர், பண்றது யாருன்னு கேளுங்கோ. சாஸ்திரம் கேக்கறது அதைத்தான்" என்றார்.

பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம், இரண்டாம் பாதம், கனவை வைத்துத்தான் தொடங்குகிறது. பிருகதாரண்யகத்தில், கனவில் தேரும் இல்லை, குதிரையும் இல்லை, சாலையும் இல்லை, இருந்தும் அங்கே அவை படைக்கப்படுகின்றன என்று வருகிறது. படைப்பவன் யார் என்பதில்தான் ஆசாரியர்கள் பிரிகிறார்கள். சங்கரர் கனவை வெறும் மாயை என்று ஒதுக்குகிறார். அவருடைய காரணங்கள் நல்ல வக்கீலின் காரணங்கள். இந்தச் சின்ன உடம்புக்குள் தேர் ஓட இடம் ஏது? ராத்திரியில் படுத்தவன் பகலைக் காண்கிறானே, காலம் ஒத்துவருகிறதா? விழித்ததும் தேரும் இல்லை, வழியும் இல்லை. எங்கள் கிணற்றையும் பலாமரத்தையும் அவரிடம் கொண்டுபோனால் ஒரு நிமிஷத்தில் தள்ளுபடி செய்துவிடுவார்.

இராமானுஜர் தள்ளுபடி செய்வதில்லை. கனவில் காண்பது பொய் இல்லை, படைப்புத்தான். ஆனால் படைப்பது ஜீவன் இல்லை, ஈசுவரன். கடோபநிஷத்தில், எல்லாரும் தூங்கும்போது தான் மட்டும் விழித்திருந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கும் ஒருவனைப் பற்றிய பேச்சு வருகிறது. அவன் பரம்பொருளே என்பது ஸ்ரீபாஷ்யத்தின் முடிவு. கண்ட ஒருவருக்கு மட்டும், கண்ட அந்த நேரத்துக்கு மட்டும் நிற்கும்படியாக அவன் பொருள்களைப் படைக்கிறான். எதற்கு? மிகச் சின்னப் புண்ணிய பாவங்களின் பலனை அனுபவிக்க வைப்பதற்கு. ஐயங்கார் சார் இதைத் தன் பாணியில் சொன்னார். "பெரிய கடன், பெரிய வரவெல்லாம் பகல்ல தீரும். சில்லறைக் கணக்கு இருக்கு பாருங்கோ, அதை ராத்திரியிலதான் பைசல் பண்றான்."

இந்தச் சில்லறைக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உலகத்தைப் படைத்து அழிக்கிறவன் ராத்திரி நேரத்தில் ஒரு தமிழ் டீச்சருக்காகக் கிணறு தோண்டி, பலாமரம் நட்டு, சுவர் எழுப்பி, அவள் விழித்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, மறுபடி அடுத்த மாதம் அதையே கட்டுகிறான் என்றால், அந்தக் கடவுளிடம் எனக்கு மரியாதையைவிட ஒரு பரிவு வருகிறது.

படைப்பது ஜீவன் இல்லை என்பதற்கு அந்தப் பகுதியில் ஒரு வாதம் இருக்கிறது. கனவு நல்லதற்கும் கெட்டதற்கும் அடையாளமாக வருகிறது. தானே படைப்பவனாக இருந்தால் எவனாவது தனக்குக் கெட்ட கனவைப் படைத்துக்கொள்வானா? இதைக் கேட்டபோது சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். எனக்கு வருவது கெட்ட கனவு இல்லை. ஆனால் கட்டுகிறவள் நானாக இருந்தால் அம்மாவை அடுப்படியில் உட்கார வைத்திருப்பேன். அப்பாவைத் திண்ணையில் வைத்திருப்பேன். குதிரை வைக்கத் தெரிந்த எனக்கு ஆயாவை வைக்கத் தெரியாதா? கேட்காத அறை கிடைக்கிறது, கேட்கிற ஆள் கிடைப்பதில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்ததில்லை. என் ஆசை கட்டிய வீடு இப்படியா இருக்கும்?

ஆனால் நான் பிறந்தது சைவக் குடும்பம். சைவ சித்தாந்தம் வேறெங்கோ பிறந்த சங்கதி இல்லை, எங்கள் தாலுக்காச் சரக்கு. மெய்கண்டார் பிறந்த பெண்ணாகடம் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில். அவர் சீடர் அருணந்தி சிவாசாரியார் அம்மா பிறந்த பக்கத்துத் திருத்துறையூர்க்காரர். உமாபதி சிவம் சிதம்பரம். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

அங்கே கனவுக்குத் துல்லியமான முகவரி கொடுக்கிறார்கள். விழிப்பில் உயிர் புருவ நடுவில் 35 கருவிகளோடு தொழில் செய்கிறது. கனவில் கண், காது முதலான பொறிகள் ஐந்தையும், கை, கால் முதலான தொழிற்கருவிகள் ஐந்தையும் அங்கேயே விட்டுவிட்டு, மிச்சம் 25 கருவிகளோடு கழுத்துக்கு இறங்குகிறது. உறக்கத்தில் மூன்றோடு நெஞ்சுக்கு. அதற்கும் கீழே இரண்டோடு உந்திக்கு, கடைசியில் தன்னந்தனியாக மூலாதாரத்துக்கு. எனக்கு இதில் முதலில் பட்டது, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு குடும்பம் சாமான்களை விட்டுவிட்டு வீடு மாறுகிற காட்சிதான். எங்களுக்கு வண்டியாவது இருந்தது.

கண்ணை விட்டுவிட்டுப் போன பிறகு அந்தப் புழுதியை நான் எதனால் பார்க்கிறேன்? காலை விட்டுவிட்டுப் போன பிறகு எப்படிப் படலைத் தாண்டுகிறேன்? சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் இதையே சான்றாகப் பிடித்துக்கொள்கிறது. உடம்புக்குள் உயிர் என்று ஒன்று உண்டு என்று நிறுவ அடுக்குகிற காரணங்களில், ஐம்புலன் ஒடுங்கின பிறகும் அறிகிற ஒன்று இருக்கிறது என்பதும் ஒன்று. கனவு காண்கிறாய், ஆகவே உயிர் இருக்கிறது. அதே சூத்திரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. உயிர் தானாக அறியாது, உணர்த்தினால்தான் உணரும். உணர்த்துகிறவன் சிவன். ஆக, வைணவரைக் கேட்டாலும் சைவரைக் கேட்டாலும் கொத்தனார் வேலை என்னுடையது இல்லை என்பதில் ஒற்றுமைதான். இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடம் அபூர்வம் என்பதால் இதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

உயிரின் இயல்பாகச் சித்தாந்தம் சொல்வது, அது எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்பது. மலத்தைச் சார்ந்தால் மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம். பிறந்து இருபது சொச்சம் வயது வரை ஒரு வீட்டைச் சார்ந்திருந்த உயிர் அந்த வீட்டின் வண்ணத்தை எடுத்துக்கொள்ளாதா? எனக்குள் வீடு இருக்கிறது என்பதைவிட, நானே கொஞ்சம் அந்த வீடாக ஆகிவிட்டேன் என்பது சரியாக இருக்கும். சுரங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் மிஞ்சி நிற்கிற சுவர் நான்தான். வீடு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பட்டிமன்றங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, இங்கே வேண்டாம்.

வகுப்பு ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "இது வாசனாமலம்மா. வெளியில விட்டாலும் உள்ள ஒட்டிக்கிட்டிருக்கும். அஞ்செழுத்தை விடாம ஓதுங்க, போயிடும்" என்றார். சிவஞானபோதம் சொல்கிற மருந்தும் அதுதான், அவர் சொன்னதில் தவறில்லை. ஓதிவிட்டுத்தான் படுக்கிறேன். வீடு அப்படியும் வருகிறது. முன்பைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக வருகிறது என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள்.

துறவின் பக்கம் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் வீடு ஆகாது. நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர், உடம்புக்குள் ஒண்டுக் குடித்தனம் இருக்கிற உயிருக்கு நிரந்தரமாக ஓரிடம் அமையவில்லையோ என்கிறார். ஞானம் பெற்ற புத்தர் முதலில் பேசியதாகப் பௌத்தர்கள் போற்றுகிற பேச்சு ஒரு கொத்தனாரை நோக்கியது. தம்மபதத்தில் இருக்கிறது. பிறவிதோறும் வீடு கட்டுகிறவனே, உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன், உன் கைமரங்கள் முறிந்தன, முகடு உடைந்தது, இனி நீ கட்டமாட்டாய் என்ற கருத்து. அங்கே கொத்தனார் ஆசை. மிகப் பெரிய வார்த்தைதான். ஆனால் கைமரம் இறங்குவதையும் முகட்டு வளையை இரண்டு பேர் தோளில் தூக்கிப் போவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து அப்பாவுக்கு ஞானம் வரவில்லை. காலனி வீட்டில் கூரை போட்டு முடிக்கிற வரைக்கும் அவர் பேச்சில் வடலூர் சாமியே வரவில்லை. தானாக உடைத்தவனுக்குத்தான் விடுதலை, உடைக்கப்பட்டவனுக்கு இல்லை. அறுத்துக்கொண்ட பற்றும் பிடுங்கப்பட்ட பற்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிடுங்கப்பட்டது மட்டும் ராத்திரியில் திரும்பி வருகிறது. வரட்டும். அதை மலம் என்று சொல்லி விரட்டுவதற்கு முன்னால் நன்றாக இரு என்று சொல்லி அனுப்பவாவது செய்யலாம், அதற்கான மந்திரம் யாரிடமாவது இருந்தால்.

சொந்தக்காரர் ஒருவர் வாஸ்து பார்க்கிறவரை அழைத்து வந்தார். வடக்கில் அறை வருவது குபேர மூலை சம்பந்தப்பட்டது, பரிகாரம் செய்தால் மனை வாங்குகிற யோகம் என்றார் அவர். காபி கொடுத்து அனுப்பினேன்.

தம்பிக்குச் சுரங்கத்திலேயே வேலை கிடைத்தது. "நம்ம அடுப்படி இருந்த எடத்துக்கு நேர் கீழ நின்னு டீ குடிச்சிருக்கேன்க்கா" என்று சாதாரணமாகச் சொல்வான். டாப் பெஞ்சிலிருந்து பாட்டம் பெஞ்ச் வரைக்கும், வெளிச்சம் போட்ட நைட் ஷிப்டிலும் மழையிலும், ஊர் போன பள்ளத்திலேயே அவன் வயது போனது. வேலையில் இருந்த வரைக்கும் அவனுக்கு வீடும் கனவில் வந்ததில்லை, வேறெதுவும் வந்ததில்லை. படுத்தால் தூக்கம்தான். ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்திருக்கிறது. அவனுக்கு வருவது வீடு இல்லை, சுரங்கம். நைட் ஷிப்டில் நிற்கிறான், பெல்ட் நின்றுபோகிறது, எங்கே கோளாறு என்று பார்த்துக்கொண்டே நடக்கிறான், பக்கெட் வீல் மட்டும் நிற்காமல் சுற்றுகிறது. அவன் வேலை பார்த்த அந்தப் பள்ளமும் இப்போது இல்லை. மண் கொட்டி மூடி மரம் நட்டாகிவிட்டது. அவனும் இல்லாத இடத்துக்குத்தான் ராத்திரி ராத்திரி வேலைக்குப் போய் வருகிறான்.

ஐயங்கார் சாருக்குப் போன் போட்டேன். "சார், எனக்கு வீட்டைக் கட்டிக் கொடுக்கிறவரே அதே ராத்திரியில என் தம்பிக்கு அதைத் தோண்ட மெஷினும் கொடுக்கிறாரா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கண்டவாளுக்கு மட்டும், கண்ட நேரத்துக்கு மட்டும்னு பாஷ்யம் தெளிவா சொல்லிடறது டீச்சர். ஒருத்தர் சொப்னத்துல இருக்கறது இன்னொருத்தர் சொப்னத்துக்குள்ள வராது" என்றார். அவர் குரலில் வழக்கமான தீர்மானம் இல்லை.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் பாஷ்யத்துக்குள் போகவில்லை. "நீ பயப்படாதக்கா. நான் கெழக்கால முந்திரிக் கொல்லையிலதான் வெட்டிக்கிட்டிருக்கேன். நம்ம தெருவுக்கு வர இன்னும் நாள் கெடக்கு" என்றான்.